எல்லாவற்றையும் புதிய டேப்பில் திறக்க வேண்டுமா?

அன்புள்ள செல்வம்,

கடிதமும் நூலகத் தளத்தின் மாதிரியும் கிடைத்தன. எழுத்துரு கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் எந்த இணைப்பைத் தொட்டாலும் புதிய டேப் திறக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாசகர் நம் தளத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்கிறாய். போக நினைப்பவரை அது தடுக்காது. திரும்பி வர நினைப்பவரைத்தான் தடுக்கும். கணினியில் புதிய டேப்புக்கு முன்வரலாறு கிடையாது, பின்செல்லும் பொத்தான் மங்கிக் கிடக்கும். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவர் இடம் மாறியதையே அறியாமல் தடுமாறுவார். புதிய டேப் வேண்டுமென்பவர் கன்ட்ரோலோடு கிளிக் செய்வார், கைபேசியில் அழுத்திப் பிடிப்பார். அதே டேப்பில் திறக்க விரும்புபவருக்கு அப்படி எளிய வழி எதுவும் இல்லை. அதனால்தான் முடிவை வாசகரிடமே விட வேண்டும் என்கிறேன்.

எல்லாமே இப்படித் திறப்பதால், பக்க நிரலின் தலைப்பகுதியில் 'பேஸ்' டேக், அதாவது எல்லா இணைப்புகளுக்கும் பொதுவான அமைப்பைச் சொல்லும் வரி, இருக்கிறதா என்று முதலில் பார். அதில், எந்த டேப்பில் திறப்பது என்று சொல்லும் 'டார்கெட்' ஒன்று இருந்தால் போதும், பக்கம் முழுவதையும் பிடித்துவிடும். இன்னொன்று: டார்கெட்டில், ஒவ்வொரு முறையும் புதிய டேப் கேட்கும், முன்னால் அடிக்கோடு போட்ட 'பிளாங்க்'குக்குப் பதிலாக வெறும் 'நியூ' என்று எழுதியிருந்தால், முதல் இணைப்பு திறந்த அதே டேப்பிலேயே அடுத்ததும் போய் உட்காரும். அது பின்னால் மறைந்திருந்தால், இணைப்பு வேலை செய்யவில்லை என்றே வாசகர் நினைப்பார்.

உறுப்பினர் படிவத்தில் உள்ள 'விதிகள்' இணைப்பு மட்டும் விதிவிலக்கு. பாதி நிரப்பியதை இழக்கலாகாது. அது புதிய டேப்பில்தான் திறக்க வேண்டும். "புதிய டேப்பில் திறக்கும்" என்று இணைப்பின் எழுத்திலேயே சொல்லிவிடு. அம்புக்குறிப் படம் மட்டும் போட்டால், படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்றுரை இல்லாதபோது பார்வையற்றவருக்கு அது எட்டாது.

பாதுகாப்பையும் கவனி. முன்பெல்லாம் புதிதாகத் திறந்த பக்கம், தன்னைத் திறந்த பக்கத்தைச் சுட்டும் 'ஓபனர்' வழியாகப் பழைய டேப்பைப் போலி நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். 2021இல் வந்த குரோம் 88 முதல் 'பிளாங்க்' இணைப்புகளுக்கு, அந்தத் தொடர்பை அறுக்கும் 'நோஓபனர்' தானாகவே சேர்கிறது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதற்கு முன்பே அப்படி மாறிவிட்டன. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் 'விண்டோ.ஓபன்' போட்டுத் திறந்தால் நீதான் அதைக் குறிப்பிட வேண்டும். 'நோரெஃபரர்' தேவையில்லாமல் சேர்க்காதே. வாசகர் உங்கள் தளத்திலிருந்து வந்தார் என்பது அடுத்த தளத்துக்குத் தெரியாமல் போகும்.

தலைப்பகுதியின் நிரலை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை எப்போது என்றும் எழுது.

அன்புடன்,
முருகேசன்