கரிசல் மனையும் கடற்களிமண்ணும்

அன்பு முருகேசா,

மனைப் படங்கள் வந்தன. வேலி போட்டதும் இடமே மாறிப்போய்த் தெரிகிறது. "அஸ்திவாரத்துக்கு நாலடி வானம் தோண்டினா போதும், ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க" என்று கொத்தனார் சொல்வதாக எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால் போதாது. நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் உன் சின்னவன் வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு சிரிக்கிறான். வெயிலில் அவ்வளவு பிளக்கும் கரிசல், ஐப்பசி மழையில் அதே அளவுக்கு உப்பும். சுவர் அதோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டியதுதான்.

இங்கே சிங்கப்பூரில் பைலிங் சைட்டிலேயே, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண் இறக்கும் வேலையிலேயே, என் காலம் போகிறது, அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் அடிமண் ஞாபகம். இத்தனூண்டு ஊரில் மண் எத்தனை விதம் தெரியுமா? புக்கிட் தீமா பக்கம் கருங்கல் மக்கிய செம்மண். ஜூரோங்கில் மணற்கல்லும் களிக்கல்லும். பிடோக், தெம்பனிஸ் பக்கம் இறுகிப்போன பழைய வண்டல், அது தங்கமான மண். வயிற்றைக் கலக்குவது காலாங் ஆற்றையும் கடற்கரையையும் ஒட்டிய கடற்களிமண்தான். துளையிடும் வாளி மேலே வரும்போது பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வழியும். நடுநடுவே சிப்பி ஓடு, சேற்று நாற்றம். சில இடங்களில் இது 30 மீட்டருக்கும் மேல் ஆழம். அதையும் தாண்டிக் கெட்டித் தரை வரை தூணை இறக்குகிறோம். அப்புறம் இன்னொரு தொல்லை. மேலே மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் களிமண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், அமுங்கும்போது தூணையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்த இழுப்பையும் பாரத்தோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்வது நிக்கல் நெடுஞ்சாலை. 2004 ஏப்ரல் 20 அன்று எம்ஆர்டி ரயிலின் வட்டப் பாதைக்காக 30 மீட்டருக்கு மேல் தோண்டிய பள்ளம் அப்படியே உள்வாங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். களிமண்ணுக்கு இருப்பதைவிட அதிக வலு இருப்பதாக எடுத்துக்கொண்டதும், முட்டுக் கொடுத்த இரும்பின் இணைப்புகள் தாங்காததும் காரணம் என்று விசாரணையில் வந்தது. மண்ணை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? அது என்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

செப்டிக் டேங்க் பற்றிக் கேட்டாய். அதில் என் அனுபவம் பூஜ்யம். வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு ஃபிளஷ் செய்ததோடு கடமை முடிந்தது. ஆனால் 1987 வரை இங்கும் சில இடங்களில் வாளிக் கக்கூஸ் இருந்தது என்றால் நம்புவாயா? இப்போது கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழத்தில் சுரங்கம் போட்டு, கழிவுநீரைச் சரிவிலேயே ஓடவிடுகிறார்கள்.

உனக்கு அந்த வசதி கிடையாது, உன் மனைக்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும். கரிசலில் உறிஞ்சு குழி மழைக்காலத்தில் வேலை செய்யாது. மண் உப்பி வழியடைத்துக்கொண்டால் டேங்க் தண்ணீர் போக இடமில்லாமல் எதிர்த்து வரும். அதனால் முதலில் ஒரு சோதனை செய். குழி போட வேண்டிய ஆழத்தில் ஓரடிக்குச் சின்னக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடு. மறுநாள் அரையடிக்கு மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பார். அரை மணி நேரம் தாண்டினால் குழியை மறந்துவிட்டு வேறு வழி கேள். கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளித்தான் எதுவும். இதில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக்கொள், சண்டை மிச்சம்.

அஸ்திவாரத்துக்கு, அடியில் குமிழ் மாதிரி அகலும் தூண் போட்டு மேலே பீமால் இணைக்கும் முறை உண்டு. கரிசலுக்கென்றே நம் நாட்டில் பல காலமாகச் செய்வதுதான். ஈரம் ஏறி இறங்கும் ஆழத்துக்குக் கீழே குமிழ் உட்கார்ந்துவிட்டால், மேல் மண் என்ன ஆட்டம் போட்டாலும் வீட்டுக்குக் கவலையில்லை. செலவு கூடும்தான். குளியலறைத் தண்ணீரைச் சுவரோரம் விடாதே. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ச்சல் என்றால் சுவர் மூலைக்கு மூலை கீறும். முருங்கையையும் தள்ளி வை.

தோட்டத்தில் மட்டும் நீ கொடுத்து வைத்தவன். இங்கே கொட்டுகிற மழை மண்ணின் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது புளித்த களிமண். போன நூற்றாண்டுக்கு முந்தியே தோல் பதனிட உதவும் காம்பியர் செடியைப் பயிரிட்டவர்கள் மண்ணைச் சக்கையாக்கிவிட்டு ஜொகூர் பக்கம் போனார்கள். எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் உயரப் பாத்தி கட்டி, சுட்ட மண்ணும் தொழுவுரமும் மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டிய பிறகுதான் கறிவேப்பிலையே பச்சை பிடித்தது. உனக்கோ உளுந்தைத் தூவினால் போதும், பனியிலேயே விளையும்.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கும் போலத்தான் இருக்கிறது. அதற்குள் வானம் தோண்டிவிடாதே. மதுரையில் மண் பரிசோதனை செய்யும் ஆளை விசாரித்து வைத்திருக்கிறேன், கொத்தனாரிடம் அதுவரை ஏதாவது சொல்லிச் சமாளி. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். குழியில் தண்ணீர் இறங்கிய கணக்கை மறக்காமல் எழுது.

உன்,
செல்வம்