சாவி அண்ணாச்சி கடையில் இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் இருபத்திரண்டு வருஷமாக வீட்டுப் புரோக்கர் வேலை பார்க்கிறேன். விசிட்டிங் கார்டில் 'ரியல் எஸ்டேட் ஆலோசகர்' என்று இருக்கும், அது என் மகன் செய்த வேலை. தெருவில் எல்லோருக்கும் நான் புரோக்கர்தான். உங்கள் நாளிதழின் சொத்துப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன். மெட்ரோவுக்கு எத்தனை நிமிஷம், நீச்சல் குளம் உண்டா, அடி என்ன விலை, எல்லாம் வருகிறது. அந்த வீட்டிலிருந்து கறிவேப்பிலை வாங்க எவ்வளவு தூரம் நடக்கணும் என்று ஒரு வாரமாவது போட்டிருக்கிறீர்களா? நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், கோபமில்லை.

நான் வீடு காட்டும்போது பார்ட்டியை நேராக வாசலுக்குக் கூட்டிப்போக மாட்டேன். காலை ஏழரைக்கு வரச் சொல்லி, வண்டியை எங்காவது ஓரம் கட்டவைத்து, நடத்தியே கூட்டிப்போவேன். அந்த நேரத்தில்தான் காப்பிக்கொட்டை அரைக்கிற கடையில் மெஷின் ஓடும். பீபரியும் பிளான்டேஷனும் பாதிக்குப் பாதி, சிக்கரி வேண்டாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார், பொட்டலத்தைக் கையில் வாங்கினால் சூடு இருக்கும். பக்கத்தில் பூக்காரம்மா, அமாவாசையென்றால் வாழைக்காயும் எள்ளும் வைத்திருப்பவர். ஆர்ய கௌடா ரோட்டில் அயோத்யா மண்டபத்தைக் காட்டி, ராமநவமிக்குக் கச்சேரி கேட்க டிக்கெட் வேண்டாம் என்பேன். அந்த ரோட்டுக்குப் பெயர் தந்த ஆரி கவுடர் நீலகிரியின் படகர் சமூகத் தலைவர் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. லேக் வியூ ரோடு வந்ததும் எல்லோரும் 'லேக் எங்கே?' என்று கேட்பார்கள். அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகரை உண்டாக்கினார்கள். மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதையைப் பார்த்தால் ஏரிக்கு இன்னும் அந்த ஞாபகம் போகவில்லை என்று தெரியும். இதையும் நான் மறைப்பதில்லை. கொசுவையும் மறைப்பதில்லை, அதை மறைக்கவும் முடியாது.

பனகல் பார்க்கில் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். 2023-ல் ஆகாய நடைபாதை திறந்தபோதும் இப்படித்தான், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை மேலேயே போய்விடலாம் என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள். வசதிதான், நானும் நடக்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஸ்டேஷன் தூரம் என்று காலி செய்து போனவர்களைவிட, தெருவில் ஒரு மனுஷரும் பழக்கமாகவில்லை என்று போனவர்கள்தான் அதிகம்.

போன ஐப்பசியில் ஒரு தம்பதி வந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பெரிய குடியிருப்பில், பதினாலாவது மாடியில் மகனோடு இருந்தவர்கள். பால் முதல் பல்பொடி வரை போனில் அழுத்தினால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுமாம். "அப்புறம் எதுக்கு மாமி இங்கே?" என்று கேட்டேன். "பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துடறது. மீதி நாள் பூரா என்ன பண்றது, சொல்லுங்கோ?" என்றார். இரண்டு வீடு காட்டினேன். ஒன்று புதுசு, லிஃப்ட் உண்டு, ஆனால் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கேட்டும் மதிலும்தான். இன்னொன்று முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, பால்கனி கிரில் துருப்பிடித்திருந்தது, கீழே மளிகைக்கடை. மாமா மேலே குழாய் குழாயாகத் திறந்து மெட்ரோ வாட்டர் எது, போர் தண்ணீர் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மாமியைக் காணோம். கீழே அண்ணாச்சியிடம் இது புதுப் புளியா பழைய புளியா என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அரைக் கிலோ புளியோடு படி ஏறி வந்தார், அட்வான்ஸ் எவ்வளவு என்று மாமாவுக்கு முன்னால் அவர்தான் கேட்டார்.

எனக்கும் இதில் சுயலாபம் உண்டு. எந்த வீடு காலியாகப்போகிறது என்ற தகவல் எனக்கு இன்டர்நெட்டில் கிடைப்பதில்லை, இஸ்திரி வண்டியில் கிடைக்கிறது. மூணாம் நம்பர் வீட்டிலிருந்து பத்து நாளாக ஆபீஸ் சட்டை வரவில்லை, போர்வையும் திரைச்சீலையுமாக மொத்தமாக வந்தது என்றால் மூட்டை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். டு-லெட் போர்டு தொங்குவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். காலி வீட்டுச் சாவியை எங்கே வைப்பேன்? அண்ணாச்சி கடையில், கல்லாவுக்கு மேலே உள்ள ஆணியில். நான் வரத் தாமதமானால் அவரே பையனை அனுப்பித் திறந்துவிடுவார். வாடகைக்கு வருகிறவரைப் பற்றி நான் விசாரிப்பதைவிட வீட்டுக்காரரைப் பற்றி அவர்கள் அண்ணாச்சியிடம் விசாரிப்பதுதான் அதிகம்.

இனி சொல்வது கொஞ்சம் சங்கடம். சில வருஷம் முன்பு ஒன்றரை கிரவுண்டில் ஒரு பழைய வீடு, முன்பக்கம் தையல் கடை, மளிகைக்கடை என்று இரண்டு ஷட்டர். வாசலில் புங்கமரம், அதன் நிழலில் இஸ்திரி வண்டி. அந்த வீட்டை ஜேவிக்குப் பேசி முடித்தது நான்தான் (ஜேவி என்றால் மனை வீட்டுக்காரருடையது, கட்டுவது பில்டர், ஃபிளாட்டுகளை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிற கூட்டு ஒப்பந்தம்). கமிஷனும் வாங்கினேன், அதில்தான் பெண் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தேன். இன்று அங்கே தரைத்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வாட்ச்மேன். மரம் இல்லை. வண்டியை கேட் முன்னால் நிறுத்தக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. அந்தத் தெருவில் இப்போது யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எனக்கே தெரிவதில்லை.

பில்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2019-ல் வந்த கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ. ஒன்றரையிலிருந்து இரண்டானது, அதாவது மனையைப் போல ஒன்றரை மடங்கு கட்டிய இடத்தில் இரண்டு மடங்கு கட்டலாம். பழைய வீடு வைத்திருப்பவருக்குக் கை அரிக்காதா? கார் நிறுத்தும் ஸ்டில்ட் அந்தக் கணக்கில் சேராது, கடை சேரும். அதனால் கடை போகிறது. கீழே கடை இருந்தால் கூட்டம் சேரும் என்று ஃபிளாட் வாங்குபவர்களும் முகம் சுளிக்கிறார்கள், பிறகு அதே ஆட்கள் கொத்தமல்லிக்கு ஸ்கூட்டரை எடுக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணம் வேறு: கடைக்காரர் ஒருமுறை உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. அது 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டக் காலத்துப் பயம். 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, காலக்கெடுவோடு விடலாம். குடியிருப்புப் பகுதியில் பால், மளிகை, தையல் மாதிரி சின்னக் கடைகளுக்கு விதிகளிலும் இடம் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். ஜேவி ஒப்பந்தம் போடுகிற வீட்டுக்காரர்கள், முன்பக்கம் ஒரு ஷட்டர் விடவேண்டும், அதை ஏற்கெனவே இருந்த கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் நிருபர் யாரையாவது ஒருநாள் காலை அனுப்புங்கள், நான் நடத்திக் காட்டுகிறேன், காப்பி என் செலவு.

இப்போது என் கையில் ஒரு ஜேவி இருக்கிறது. போன வாரம்தான் அந்த ஒரு வரியை வரைவில் நுழைத்தேன், பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை. ஒரு கார் நிறுத்தும் இடம் போகிறதே என்று பில்டர் முனகுகிறார், கையெழுத்து இன்னும் ஆகவில்லை. வீட்டுக்காரம்மா கேட்டது ஒன்றுதான்: பழைய அண்ணாச்சியே வருவாரா, இல்லை வேறு யாராவதா?

இப்படிக்கு,
வீட்டுப் புரோக்கர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.