ரீஜனல் தியேட்டர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: ரோல குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சுன்னு போட்டுருங்க

அமெரிக்கால பிராட்வேக்கு (நியூயார்க்கோட பெரிய நாடக மேடைங்க) வெளிய, அந்தந்த ஊர்லயே நாடகம் போடுற தியேட்டர்களோட மதிப்பிற்குரிய ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர்களுக்கும், நடிக்க ஆள் எடுக்குற காஸ்டிங் டைரக்டர்களுக்கும் வணக்கம்.

இத தமிழ்ல எழுதுறேன், உங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒரு எழுத்து கூட புரியாதுன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். இங்கிலீஷ்ல எழுதினா நான் ரொம்ப நல்ல பொண்ணா ஆயிடுவேன், வாய்ப்புக்கு நன்றின்னு ஆரம்பிச்சு மறுபடியும் சந்திப்போம்னு முடிச்சிருவேன், சொல்ல வந்தது நடுவுல எங்கயோ காணாம போயிரும். பத்து வருஷமா அமெரிக்கால ஆடிஷன் ரூம் வாசல்ல உக்காந்து உக்காந்து வந்த பழக்கம் அது. நல்லவேளை தமிழுக்கு அது இன்னும் தொத்தல. உங்க ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா படிச்சு சொல்லட்டும், இல்லாட்டி பரவால்ல, என்ன மாதிரி இங்க நாடகத்துல சுத்திட்டு இருக்குற நம்ம பசங்க படிச்சா போதும்.

விஷயம் இதுதான். சீசன் ஆடிஷன்னு ஒண்ணு வைக்கிறீங்க. வருஷத்துக்கு அஞ்சாறு நாடகம், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சுல ஆள் பாக்குறது. நோட்டீஸ்ல நாடகம் நாடகமா, கேரக்டர் கேரக்டரா பிரேக்டவுன் போடுறீங்க, வயசு இவ்ளோ, குணம் இப்படி, பாட்டு வரணுமா வேணாமா, ரிகர்சல் என்னிக்கு ஆரம்பம், வாரச் சம்பளம் எவ்ளோ, எல்லாம் இருக்கு. அந்த ரோல் நிஜமாவே காலியா இருக்கா இல்ல போன மாசமே ஒருத்தருக்கு பேசி முடிச்சாச்சாங்கறது மட்டும் பல நேரம் இருக்குறதில்ல.

எனக்கு நடந்தத சொல்றேன், எந்த தியேட்டர்னு சொல்ல மாட்டேன், அடுத்த வருஷமும் அங்க போகணும்ல.

ஆறு நாடகம் இருந்த சீசன். அதுல ஒண்ணுல ஒரு டாக்டர் கேரக்டர், முப்பதுல இருந்து நாப்பதுக்குள்ள, மூத்த பொண்ணு, வீட்டுல யாரும் பேசாத விஷயத்த பேசுறவ, எந்த இனத்தவரும் வரலாம்னு தனியா ஒரு வரி வேற. அந்த வரிய படிச்சா என்ன மாதிரி ஆளுக்கு என்ன ஆகும்னு உங்களுக்கு தெரியுமான்னு தெரியல. பிரேக்டவுன்ல நம்ம முகத்துக்குன்னு எழுதினா அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஆளு, இல்ல கல்யாணத்துக்கு ஒத்துக்காத அம்மா. (அந்த அம்மாவுக்கு ஆக்சென்ட் வேற கேப்பீங்க, கொஞ்சம் கூட்டுங்கன்னு, நான் பேசுறதே அந்த ஆக்சென்ட்தான்னு சொன்னா இன்னும் கொஞ்சம்னு சொல்லுவீங்க, அது வேற மடல்.) இது அப்படி இல்ல, இது ஒரு மனுஷி. மூணு வாரம் அந்தப் பொம்பளையோடயே இருந்தேன். நாடகத்த ரெண்டு தடவை முழுசா படிச்சேன், அவளுக்கு பக்கத்துல வர்ற மாதிரி ரெண்டு மோனோலாக் (ஒரே ஆள் பேசுற வசனம்) தேடி எடுத்தேன், வேலைல ஷிஃப்ட்ட ஒருத்தி கால்ல விழாத குறையா கெஞ்சி மாத்திட்டு, நாலு மணி நேரம் பஸ்ல வந்தேன்.

வாசல்ல லிஸ்ட்ட வச்சுட்டு ஆள அனுப்புற மானிட்டர் என் பேர கூப்பிட்டாரு, வழக்கம் போல தப்பா, உள்ள போனேன். நீங்க ரெண்டு பேர் மேசைக்கு பின்னாடி. பேர சொல்லி, என்ன பண்ணப் போறேன்னு சொல்லியாச்சு. மோனோலாக் பேசும்போது உங்க கண்ண பாக்கக் கூடாது, அது எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்ற பாடம், உங்க தலைக்கு கொஞ்சம் மேல சுவத்துல ஒரு இடத்த பிடிச்சு அங்க ஒரு ஆள் நிக்கிறதா நினைச்சு பேசணும். நான் பிடிச்ச இடத்துல ஒரு போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. புது சீசனோட போஸ்டர், மை கூட மங்கல. அதுல வெள்ள கோட்டு போட்டு கழுத்துல ஸ்டெத்தோட ஒரு அம்மா, கீழ அந்த நாடகத்தோட பேரு, அவங்க பேரு.

நிறுத்த முடியுமா? முடியாது. ரெண்டு மோனோலாக்கயும் அந்த அம்மாவ பாத்தே பேசினேன். வீட்டுல யாரும் பேசாத விஷயம் பூரா அவங்ககிட்ட சொன்னேன். உண்மைய சொல்லணும்னா அன்னிக்கு நல்லாவே பண்ணேன், கோவம் இருந்துச்சுல்ல. நீங்க "தேங்க்யூ"ன்னீங்க. நானும் "தேங்க்யூ"ன்னேன்.

பஸ் ஏறினதும் அம்மா போன்.

"என்னடி சொன்னாங்க?"

"தேங்க்யூ சொன்னாங்க மா."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணும் இல்ல மா."

"ஓ, ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்னு சொல்லிட்டாங்களா."

எங்க அம்மாவுக்கு ரீஜனல் தியேட்டர் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, ஆனா நீங்க பண்ணது என்னன்னு ஒரே வரில புரிஞ்சிருச்சு. மாமன் மகளோட நிச்சயத்த முடிச்சுட்டு, சொன்ன வார்த்தைக்காக வந்து இன்னொரு வீட்டுல பஜ்ஜி சாப்பிட்டு போறது.

இப்ப உங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடுறேன், எனக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க. யூனியன் ஒப்பந்தப்படி ஈக்விட்டி பிரின்சிபல் ஆடிஷன், அதாவது சங்கத்து நடிகருங்களுக்கான திறந்த ஆடிஷன், வச்சே ஆகணும். ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1913ல ஆரம்பிச்ச நடிகர் சங்கம், உங்க பக்கம் 1966ல இருந்து லீக் ஆஃப் ரெசிடென்ட் தியேட்டர்ஸ்ங்கற கூட்டமைப்பு, அதுல 70க்கு மேல தியேட்டர், ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி போட்ட ஒப்பந்தம். ஏஜென்ட் இல்லாதவனுக்கும் உங்க முன்னாடி நிக்க ஒரு வழி இருக்கணும்னுதான் அந்த விதி. நல்ல விதி. நான் வருஷக்கணக்கா சங்கத்து மெம்பர் கார்டு இல்லாம காலைல இருட்டோட போயி, மெம்பர்லாம் முடிஞ்சு நேரம் இருந்தா கூப்பிடுவோம்னு சொல்லி, சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டு கூப்பிடாம திரும்புனவ, 2021ல சங்கம் கதவ கொஞ்சம் அகலமா திறந்தப்ப உள்ள வந்து கார்டு வாங்கினவ, எனக்கு அந்த விதியோட அருமை தெரியும். ஆனா ரோல் பூரா குடுத்து முடிச்ச பிறகும் விதிக்காக ஆடிஷன் நடக்குது. கணக்குக்கு ஆடிஷன் நடந்தாச்சு. வந்தவன் மட்டும்தான் மூணு வாரத்த விட்டான்.

தெரிஞ்ச ஆள வச்சு பண்றதும் தப்புன்னு சொல்ல வரல. ரிகர்சலுக்கு கிடைக்கிறது சில வாரம், அப்புறம் டெக்ல (லைட்டு, சவுண்டோட பண்ற கடைசி ரிகர்சல்) ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துல 10 மணி நேரம் வரைக்கும் கூட வேலை இருக்கும், அந்த நெருக்கடில உடைஞ்சு போகாத ஆளுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்கள கூப்பிடத்தான் தோணும். இந்த தியேட்டர்கள் ஆரம்பிச்சதே அப்படித்தான, டல்லஸ்ல மார்கோ ஜோன்ஸ் 1947ல, வாஷிங்டன்ல ஜெல்டா ஃபிச்சாண்ட்லரும் கூட்டாளிகளும் 1950ல அரீனா ஸ்டேஜ், அங்கெல்லாம் நிரந்தரமா ஒரு கம்பெனி, அதே நடிகருங்க இந்த நாடகத்துல ராஜா, அடுத்ததுல வேலைக்காரன். அப்ப யாருக்கு என்ன ரோல்னு வெளிய இருக்குறவன் ஏமாற வழியே இல்ல, கம்பெனிக்குள்ள இருக்கியா இல்லியா அவ்ளோதான். இப்ப பெரும்பாலான இடத்துல கம்பெனி போயிருச்சு, நாடகத்துக்கு நாடகம் ஆள் எடுக்குறீங்க, ஆனா மனசுக்குள்ள ஒரு கம்பெனி வச்சிருக்கீங்க. அதுவும் சரி. நோட்டீஸ்ல எழுதுங்கன்னுதான் கேக்குறேன்.

இன்னொண்ணு ஞாபகம் வருது. 1959ல டைரோன் கத்ரிங்கற நாடக டைரக்டர் நியூயார்க் டைம்ஸ் நாடகப் பக்கத்துல ஒரு சின்ன அழைப்பு விட்டாரு, பிராட்வேக்கு வெளிய ஒரு தியேட்டர் ஆரம்பிக்கப் போறோம், எந்த ஊருக்கு விருப்பம்னு. ஏழு ஊரு நாங்க ரெடின்னு வந்துச்சு. கடைசில மினியாபொலிஸுக்கு கிடைச்சு 1963ல தியேட்டர் தொறந்தாங்க. யோசிச்சு பாருங்க, நீங்கல்லாம் ஊருக்கே ஆடிஷன் வச்ச பரம்பரை. மினியாபொலிஸ்தான்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு மத்த ஆறு ஊரையும் வரச்சொல்லி, உங்க ஊர்ல மண்ணு எப்படி தண்ணி எப்படின்னு விசாரிச்சிருந்தா அந்த ஊருக்காரங்க விட்டிருப்பாங்களா?

சரி, நஷ்டம் எனக்கு மட்டும்னா நான் பாட்டுக்கு புலம்பிட்டு போயிருவேன். உங்களுக்கும் நஷ்டம்ங்கறத சொல்லத்தான் இவ்ளோ எழுதுறேன்.

எனக்கு குடுக்குறது ரெண்டு மோனோலாக், ரெண்டும் சேர்த்து மூணு நிமிஷம். என் நோட்டுல ஒன்பது மோனோலாக் இருக்கு, எந்த நேரம் எழுப்பி கேட்டாலும் வரும், அழுக ரெண்டு, செய்யுள் ரெண்டு, ஒரு குடிகாரி, ஒரு வக்கீலு, இப்படி. எந்த ரெண்ட தூக்கிட்டு போறதுங்கறதுலதான் ஆடிஷனோட பாதி வேலை இருக்கு, ஏன்னா உள்ள வந்ததும் நீங்க பாக்குறது அந்த மூணு நிமிஷத்துல இருக்குற ஆள மட்டும்தான். டாக்டர் ரோல் காலின்னு நம்பினதால ரெண்டும் அவளுக்கு ஏத்தமாதிரியே எடுத்தேன், அடங்கின குரல், அசையாம நிக்கிறது. அதே சீசன்ல நாலாவது நாடகத்துல ஒரு வீட்டு ஓனரம்மா இருந்தா, வாய் ஓயாது, எல்லார் வீட்டு கதவுலயும் காத வைக்கிறவ. என்ன தெரிஞ்சவங்க யார கேட்டாலும் அது நீதான்டி அப்படின்னுவாங்க. அதுக்கு தோதா என்கிட்ட ஒரு பீஸ் இருக்கு, ஒன்றரை நிமிஷம், இதுவரைக்கும் சிரிக்காத ஆள் இல்ல, மானிட்டர் கூட கதவுக்கு வெளிய சிரிச்சிருக்காரு. அத வீட்டுலயே விட்டுட்டு வந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஓனரம்மாவுக்கு மட்டும் தனியா இன்னொரு நோட்டீஸ் போட்டீங்க, ஆள் கிடைக்கலன்னு. அன்னிக்கு உங்க முன்னாடிதான் நின்னுட்டு இருந்தேன், வேற ஒருத்தி மூஞ்சிய மாட்டிக்கிட்டு.

இந்த சீசனுக்கு இல்லாட்டியும் ஆள பாத்து வைக்கலாம்ல, அடுத்த வருஷத்துக்கு உதவும்லன்னு சொல்லுவீங்க. ஒத்துக்குறேன், எனக்கே நடந்திருக்கு, ஒரு ஆடிஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு திடீர்னு போன் பண்ணி அண்டர்ஸ்டடிக்கு, அதாவது நடிக்கிறவங்க வர முடியாட்டி ஏறுறதுக்கு தயாரா இருக்குற ஆளா, கூப்பிட்டாங்க. அஞ்சு வாரம், மூணு பேரோட வசனம் மனப்பாடம், ஒரு நாள் கூட மேடை ஏறல, ஆனாலும் அந்த அஞ்சு வாரம் பொன்னு. அதனால ஆடிஷன நிறுத்துங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். டாக்டர் ரோல் முடிஞ்சது, ஆனாலும் உங்கள பாக்கணும்னு எழுதுங்க, வர்றேன், ஓனரம்மாவோட வர்றேன். கூட்டம் கொறஞ்சிரும்னு பயப்படாதீங்க, நாங்க எந்த காலத்துல கணக்கு பாத்து வந்தோம்.

சில தியேட்டர் இத ஏற்கனவே பண்றாங்க. பிரேக்டவுன்ல கேரக்டர் பேருக்கு பக்கத்துல "காஸ்ட்"னு ஒரே ஒரு வார்த்தை, ஆள் எடுத்தாச்சுன்னு அர்த்தம். ஒருத்தருக்கு கேட்டு விட்டிருக்கோம், இன்னும் கையெழுத்து ஆகலன்னா "ஆஃபர் அவுட்". குடுத்த ரோலுக்கே அண்டர்ஸ்டடி வேணும்னா அதையும் ஒரு வரி. அப்படி போட்ட நோட்டீஸ பாத்து எனக்கு ஒரு தடவை கூட கோவம் வந்ததில்ல, அடுத்த வரிய படிச்சுட்டு போயிருவேன். பேர கூட வெளிய சொல்ல வேணாம், ஏஜென்ட்டோட பேச்சுவார்த்தை நடக்குது, பத்திரிக்கைக்கு அப்புறம்தான் சொல்லணும், எல்லாம் புரியுது. ஆனா போஸ்டர் அடிச்சு சுவத்துல ஒட்டுற அளவுக்கு முடிஞ்ச ரோல நோட்டீஸ்ல மட்டும் காலியா காட்டுறதுக்கு என்ன காரணம்னு நானும் யோசிச்சு பாத்துட்டேன், போன வருஷ நோட்டீஸ யாரோ அப்படியே காப்பி பண்ணி தேதிய மாத்திருக்காங்கங்கறத தவிர வேற ஒண்ணும் தோணல. அதுதான் நிஜம்னா இன்னும் கஷ்டமா இருக்கு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்த ஆடிஷனுக்கு அப்புறம் இல்லைன்னு சொல்லி உங்ககிட்ட இருந்து ஒரு வரி வரல, அது பழகிருச்சு, பஸ் ஸ்டாண்ட் தாண்டினா மறந்துரணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. ஆனா மூணாவது வாரம் மெயில் வந்துச்சு. பேர கரெக்டா எழுதியிருந்தீங்க, முதல் தடவையா. ஆஹான்னு தொறந்தா, சீசன் சப்ஸ்கிரிப்ஷன் எடுத்துக்கோங்க, ஆறு நாடகத்துக்கும் சேர்த்து தள்ளுபடின்னு இருந்துச்சு. மேல படம், அதே டாக்டரம்மா, அதே ஸ்டெத். ஆடிஷன் ஃபார்ம்ல எழுதின அட்ரஸ்ஸ அப்படியே டிக்கெட் விக்கிறவங்ககிட்ட குடுத்திருக்கீங்க. டிக்கெட் எடுத்தேன், ஒண்ணே ஒண்ணு, அந்த நாடகத்துக்கு மட்டும். அவங்க நல்லா பண்ணாங்க. ரெண்டாவது பாதில ஒரு இடத்துல அவங்க நிறுத்தினத நான் நிறுத்தியிருக்க மாட்டேன், மத்தபடி நல்லா பண்ணாங்க.

புது சீசனுக்கு நோட்டீஸ் வந்துருக்கு. 14 ரோல், எதுக்கு பக்கத்துலயும் ஒரு வார்த்தை இல்ல. சைன் அப் தொறந்த நிமிஷமே ஸ்லாட் எடுத்துட்டேன். இந்தத் தடவை எந்த ரெண்டு மோனோலாக்னு இன்னும் முடிவு பண்ணல, உள்ள வந்து சுவத்த ஒரு தடவை பாத்துட்டு பேச ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,
மத்தியானம் 2.40 ஸ்லாட்