பூஜ்யங்களுக்கு நடுவே பத்தாயிரம்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே எல்லாரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கேயும் நலமே. பள்ளிக் கணிதக் கண்காட்சிக்கு நிகழ்தகவுப் பலகை செய்யப்போவதாகவும், அமெரிக்க டிவியில் சில்லு போடுவார்களே, அந்த விளையாட்டின் வரலாறு வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அதன் பெயர் ப்ளிங்கோ. முளைகள் அடித்த பலகையின் உச்சியிலிருந்து வட்டச் சில்லை விட, அது முளைகளில் மோதி மோதி இறங்கி அடியில் ஏதாவது ஒரு கட்டத்தில் விழும். அந்தக் கட்டத்தில் எழுதிய தொகைதான் பரிசு. மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பலகை கிடையாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ப்ளிங்கோ இடம்பெறும் 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்ற நிகழ்ச்சி 1956-இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் பில் கல்லன் நடத்த ஏலம் போலத் தொடங்கியது. இப்போது நாம் பார்க்கும் வடிவம் 1972 செப்டம்பர் 4 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொகுப்பாளர் பாப் பார்க்கரோடு வந்தது. ஏலம் பெரும்பாலும் போய், விலையைக் கணிக்கும் சின்னச் சின்ன விளையாட்டுகள் வந்தன. முதலில் அவை ஐந்தே. வருடத்துக்கு வருடம் புதியவை சேர்ந்துகொண்டே போக, 1983 ஜனவரி 3 அன்று ப்ளிங்கோ அறிமுகமானது. உருவாக்கியவர் தயாரிப்பாளர் ஃபிராங்க் வெய்ன். சில்லு முளைகளில் மோதும்போது எழும் 'ப்ளிங்க்' சத்தமே பெயராகிவிட்டது.

பெயர் சொன்னதும் எல்லாருக்கும் பலகைதான் நினைவுக்கு வரும். ஆனால் விளையாட்டில் பாதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. போட்டியாளருக்கு ஒரு சில்லு இலவசம். மற்ற நான்கையும் அவரே சம்பாதிக்க வேண்டும். நூறு டாலருக்குள் விலையுள்ள வீட்டுச் சாமான் நான்கைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க விலை ஒன்று எழுதியிருக்கும். அதில் ஓர் இலக்கம் சரி, மற்றது தவறு. எது சரி என்று சொன்னால் சாமானும் கிடைக்கும், ஒரு சில்லும் கிடைக்கும். சும்மா ஊகித்தால்கூட சராசரியாக மூன்று சில்லு கையில் இருக்கும். விலை தெரிந்தவருக்கு ஐந்து சில்லும் கைக்கெட்டும் தூரம்தான். நாற்பது டாலர் பெறும் சாமானுக்கு 93 என்று போட்டிருந்தால் 9 வர வாய்ப்பே இல்லை, 3-ஐத்தான் சொல்ல வேண்டும். பத்து இடத்து இலக்கம் நம்பும்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், ஒன்று இடத்து இலக்கத்தைப் பற்றி யோசித்துக் குழம்ப வேண்டியதில்லை.

அடுத்ததுதான் பலகை. அடியில் ஒன்பது கட்டங்கள். இடமிருந்து 100, 500, 1,000, 0, நடுக்கட்டம், மறுபடி 0, 1,000, 500, 100. நடுக்கட்டம் 1983-இல் 5,000 டாலர், ஐந்து சில்லுக்கும் சேர்த்து உச்சம் 25,000. 1998-இல் நடுவை 10,000 ஆக்கினார்கள், உச்சம் 50,000 ஆனது. சிறப்பு நிகழ்ச்சிகளில் இன்னும் கூட்டியதுண்டு.

பெரிய தொகையின் இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிவைத்ததைத்தான் நான் இந்த விளையாட்டின் மூளை என்பேன். ஒவ்வொரு முளையிலும் சில்லு இடமோ வலமோ சரிபாதி வாய்ப்பில் திரும்புகிறது, பன்னிரண்டு வரிசை முளைகள் என்று வைத்துக்கொள். பாஸ்கல் முக்கோணத்தின் (மேலே உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் எண் முக்கோணம்) பன்னிரண்டாம் வரியை எடுத்துக் கணக்குப் போடு. நடுவுக்கு நேர் மேலே விட்டால் நடுக்கட்டத்தில் விழ 4,096-க்கு 924, அதாவது 22.6 சதவீதம். பக்கத்துப் பூஜ்யங்கள் இரண்டும் சேர்ந்து 38.7 சதவீதம். ஆயிரங்கள் 24, ஐந்நூறுகள் 11, மிச்சம் ஓரத்து நூறுகளுக்கு. நடுவிலிருந்து ஒரு கட்டம் தள்ளி விட்டால் பத்தாயிரத்துக்கான வாய்ப்பு 19 சதவீதமாக இறங்கும், இரண்டு தள்ளினால் 12, மூலையிலிருந்து விட்டால் 3. பத்தாயிரம் கிடைக்க எந்த இடம் மிக நல்லதோ, வெறுங்கையாகத் திரும்பவும் அந்த இடமேதான் மிக ஏற்றது! அப்படியும் சராசரி பார்த்தால் நடுவே சிறந்தது: ஒரு சில்லுக்குச் சுமார் 2,558 டாலர். ஒரு கட்டம் தள்ளினாலே ஏறக்குறைய 300 குறையும். ஐந்து சில்லும் நடுவில் விழ சுமார் 1,700-இல் ஒரு வாய்ப்பு, ஐந்தில் ஒன்றுகூட விழாமல் போக 28 சதவீதம். 2017 மே மாதம் ஒருவருக்கு மூன்று சில்லுகள் நடுவில் விழுந்து, மொத்தம் 31,500 டாலர் கிடைத்தது.

மாணவர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய ஒரு நிகழ்ச்சி 2008-இல் நடந்தது. வீடியோ கேம் விளம்பரம் ஒன்றுக்காக, சில்லு நடுக்கட்டத்துக்கே வரும்படி பலகையில் தூண்டில் நரம்பு கட்டியிருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். அடுத்து விளையாட வந்த பெண்மணிக்கு மூன்று சில்லும் அடுத்தடுத்துப் பத்தாயிரத்தில்! அப்போதுதான் ஊழியர்களுக்கு நரம்பு நினைவுக்கு வந்தது. நிறுத்தி, அவிழ்த்து, முதலிலிருந்து விளையாடவைத்தார்கள். முதல் ஆட்டத்தில் விழுந்த 30,000 டாலரையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இதில் ஒரு நல்ல கணக்கும் இருக்கிறது. சரியான பலகையிலேயே மூன்று முறை தொடர்ந்து நடுவில் விழுவது ஏறத்தாழ 87-இல் ஒரு முறை நடக்கும். அதை மட்டும் வைத்துப் பலகையில் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. எத்தனை முறை விழுந்தால் சந்தேகப்படலாம் என்று பிள்ளைகளிடமே கேள்.

இனி உன் பலகை. சில்லுக்குக் கேரம் ஸ்ட்ரைக்கரே போதும், விட்டம் சுமார் 41 மி.மீ. முளைகளுக்கு 6 மி.மீ. மரக்குச்சி, 20 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். குட்டையாக இருந்தால் சில்லு முளைமேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். பக்கத்து முளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 56 மி.மீ., வரிசைக்கு வரிசையும் 56. இடைவெளி 50 கிடைக்கும், சில்லு தாராளமாகப் போகும். இடைவெளியை 42 என்று இறுக்கினால் நடுவழியில் மாட்டும், 70 என்று விட்டால் பாதி முளைகளைத் தொடாமலே இறங்கிவிடும். வரிசைகள் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். பதினொன்று போட்டால் சில்லு கட்டத்தில் விழாமல் தடுப்பின்மேல் போய் நிற்கும். பன்னிரண்டு வரிசை, ஒன்றில் 7, அடுத்ததில் 8 என்று மாறி மாறி, ஆக 90 முளை. உள்பக்க அகலம் ஒன்பது கட்டத்துக்கு 504 மி.மீ.

பலரும் கோட்டைவிடுவது ஓரத்தில்தான். நேர்ச்சட்டம் அடித்தால், 7 முளை வரிசைகளில் ஓரத்துக்கும் முதல் முளைக்கும் நடுவே ஒன்றரைக் கட்ட அகலம் காலியாகிவிடும், சில்லு ஓரமாகவே வழுக்கி இறங்கும். அங்கே எட்டாவது, ஒன்பதாவது என்று முளை அடித்தாலோ சட்டத்துக்கும் முளைக்கும் நடுவே சில்லு அடைத்துக்கொள்ளும். ஆகவே அந்த வரிசைகளில் சட்டத்தில் முக்கோணப் பல் வை, பக்கத்துக்கு ஆறு. அடி 112 மி.மீ., முனை 28 மி.மீ. உள்ளே நீட்ட வேண்டும், முனை அந்த வரிசையின் நேரே வர வேண்டும். ஓரத்துக்கு வரும் சில்லு அதன் சரிவில் வழுக்கி உள்ளே திரும்பிவிடும். மேலே சொன்ன 3 சதவீதக் கணக்கும் இந்தப் பல்லை வைத்துப் போட்டதுதான்.

பலகையைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி பின்னால் சாய்த்து நிறுத்து. செங்குத்தாக நிறுத்தினால் சில்லு முளையில் பட்டு முன்னால் துள்ளி விழும். ரசமட்டம் வைத்து இடவலம் பார்க்க மறக்காதே. ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலே சரிபாதி என்ற கணக்கு கெட்டுவிடும். கீழ்க்கட்டத் தடுப்புகள் 60 மி.மீ. உயரமாவது இருக்கட்டும், இல்லையென்றால் விழுந்த சில்லு பக்கத்துக் கட்டத்துக்குத் தாவும். எப்படிச் செய்தாலும் எப்போதாவது ஒன்று மாட்டத்தான் செய்யும். அந்த நிகழ்ச்சியிலேயே நீளமான தடி ஒன்றை வைத்துத்தான் தட்டிவிடுவார்கள். நீயும் ஒன்று வைத்துக்கொள்.

சில்லைப் பலகையோடு தட்டையாக ஒட்டிப் பிடித்து, தள்ளாமல் விரலை மட்டும் எடுக்கச் சொல். நடுவிலிருந்து நூறு முறை விட்டால் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் நடுக்கட்டத்தில் வர வேண்டும், நாலைந்து கூடலாம் குறையலாம். அதைவிட மிகவும் குறைந்தால் முதலில் ரசமட்டத்தை எடு. நூறின் பட்டியலையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
சேகர்