ஐசிஸ்ங்கிறது ஒரு தாயோட பேரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் வீராம்பட்டினத்துல பொறந்து வளந்தவ. எட்டாவது படிக்கிற எம்பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு எங்க ஊரு பக்கத்துல இருக்குற பழைய துறைமுகம் அரிக்கமேட்ட எடுத்திருந்தா. சார்ட் நடுவுல ஒரு தாய் புள்ளைய மடியில வச்சு பால் குடுக்குற படம், தலையில மாட்டுக் கொம்பு, கொம்புக்கு நடுவுல சூரியன், கீழ ஐசிஸ்னு கலர் பென்சில்ல எழுதியிருந்தா. ஸ்கூல்ல, இது தீவிரவாதிங்க பேரு, இத எடுத்துட்டு வேற படம் ஒட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. புள்ள அழுதுகிட்டே வந்தா, எனக்கு மனசே ஆறல.

அந்தக் கும்பலோட பேரு நாலு இங்கிலீஷ் எழுத்த சேத்து வந்த சுருக்கம். இது எகிப்து சனங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல கும்பிட்ட ஆத்தா பேரு. அவங்க பாஷையில அசெட், கிரேக்கர் வாயில ஐசிஸ் ஆயிடுச்சு. பேர எழுதுறதே சிம்மாசனம் படம் போட்டுத்தான், அதனாலதான் பழைய சித்திரங்கள்ல அவ தலைமேல ஒரு ஆசனம் இருக்கும்.

அவ கதைய ஒருதரம் கேட்டா யாரும் மறக்க மாட்டாங்க. புருஷன் ஒசிரிஸ அவன் தம்பி சேத் பொட்டிக்குள்ள வச்சு மூடி நைல் ஆத்துல விட்டுடுறான், அது கடலுக்குப் போய் லெபனான் பக்கத்து பைப்லாஸ் ஊருக் கரையில ஒதுங்குது, அதச் சுத்தி ஒரு மரம் வளந்து பொட்டிய உள்ள வாங்கிக்குது, அந்த ஊரு ராஜா மரத்த வெட்டி அரண்மனைக்குத் தூணா நட்டுடுறான், இவ தேடித் தேடி அங்கயும் போய் தூணக் கேட்டு வாங்குறா. அதுக்கப்புறமும் சேத் விடல, ஒடம்ப 14 துண்டா வெட்டி வீசுறான், இவ பொறுக்கி எடுக்குறா. புள்ள ஹோரஸ அவன் கண்ணுல படாம ஆத்தங்கழிமுகத்துக் கோரைக்காட்டுலயே ஒளிச்சு வச்சு வளத்தா. இத எங்கம்மாகிட்ட சொன்னப்ப, மீன் அரிஞ்சிகிட்டு இருந்தவங்க அருவாமனைய அப்படியே விட்டுட்டு, "நம்ம செங்கழுநீர் அம்மனும் வலையில சிக்குன கட்டையில தானடி வந்தா, வெறகுக்கு வெட்டப்போயி ரத்தம் வந்துச்சே"ன்னாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, ஆனா எங்கம்மாவுக்கு யாரும் வெளக்கம் சொல்ல வேண்டியிருக்கல.

அரிக்கமேடுன்னா எல்லாரும் ரோம் யாவாரம்னு மட்டும்தான் சொல்றாங்க. 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் அங்க தோண்டினப்ப கெடச்ச ஜாடியில மது வந்துச்சு, எண்ணெய் வந்துச்சு, மீன ஊறவச்சு எடுத்த சாறு கூட வந்துச்சுங்கிறாங்க, அதெல்லாம் சரி. ஆனா அந்த யாவாரத்துக்குக் கப்பல் கெளம்பினது எகிப்தோட செங்கடல் கரையில, ஜூலை வாக்குல, தென்மேற்குக் காத்துல பாய் விரிச்சு. அங்க பெரெனிகேன்னு ஒரு துறைமுகம், அதுல ஐசிஸுக்குக் கோயில். 2022ல அந்தக் கோயில் வாசல்ல 71 செ.மீ ஒசரத்துல ஒரு புத்தர் சிலை கெடச்சிருக்கு! நம்ம பக்கத்து ஆளுங்க அங்க போய்வந்ததுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்.

கடலோடிங்களுக்குக் காவல் அவதான். ரோம் காலத்துல வருஷா வருஷம் மார்ச் 5ஆம் தேதி கடல் தொறக்குற நாள்னு, சின்னக் கப்பல் ஒண்ண ஜோடிச்சு வாசனைப் பொருள் ஏத்தி, பால் கலந்த படையல அலையில ஊத்தி அவ பேர்ல விட்டுருக்காங்க. நமக்கும் கிட்டத்தட்ட அதே சமயம்தான் மாசி மகம் வருது, மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடலுக்கு வர்றாரு. அப்பா கடலுக்கு மீன் புடிக்கப் போற காலத்துல அந்தக் கூட்டத்துல கற்பூரத்த கையில வச்சிகிட்டு நின்ன எங்கம்மா மொகம் எனக்கு இன்னும் மறக்கல, ஐசிஸுக்குக் கப்பல் விட்ட கரையில நின்ன பொம்பளைங்க மொகமும் அப்படித்தான இருந்திருக்கும்.

உங்க பேப்பர் சிறுவர் பக்கத்துல மாசி மகத்துக்கு முன்னாடி இந்தத் தாயப் பத்தி படத்தோட ஒரு அரைப் பக்கம் போடுங்க சார். பேப்பர்ல வந்தத கட் பண்ணி அந்த சார்ட்லயே ஒட்டி மறுபடி குடுத்தனுப்புறேன். படத்த நாங்க இன்னும் எடுக்கல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வீராம்பட்டினம், புதுச்சேரி