பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கும் விளங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளையோரும் கைபேசியும் பற்றிக் கடந்த ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை முடியும்வரை பிள்ளைகளின் கையில் போன் கொடுக்கவே கூடாது என்கிறார் கட்டுரையாளர். கிளிநொச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கொன்றில் பதினொரு வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். என் பிள்ளைகள் ஏற்கெனவே டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் இருக்கிறார்கள். தங்கள் விசுவாசத்தைப் பற்றி அங்கே பேசவும் செய்கிறார்கள். எப்படிப் பேசுவதென்று நாங்கள்தான் பழக்கவில்லை.

ஒரு மாதா படம், பின்னால் ஒரு பாட்டு, ‘பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்று ஒரு வரி. வட்ஸ்அப்பில் எனக்கு வருவதில் பாதி இப்படித்தான். பயமுறுத்தி அனுப்புவதற்கு நற்செய்தி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற தவக்காலத்தில் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை, அதாவது அடிபட்டுக் கிடந்தவனை மற்றவர்கள் விலத்திப் போக, யூதர் வெறுத்த சமாரியர் ஒருவர் காப்பாற்றிய கதையை, ஒன்றரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். கேட்பவர் பக்கத்து வீட்டுச் சைவ அம்மம்மா. ‘லேவியர்’, ‘மீட்பு’, ‘அருள்’ எதுவும் வாயில் வரக்கூடாது. முதல் கிழமை ஒருவராலும் முடியவில்லை, பாடமாக்கியதை ஒப்புவித்தார்கள். மூன்றாம் கிழமை பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி எழும்பினாள். ஏ9 வீதியில் இரவு, மோட்டார் சைக்கிளோடு ஒருவன் விழுந்து கிடக்கிறான். பொலிஸ், நீதிமன்றம், சாட்சி என்று அலைய வேண்டிவரும் என்ற பயத்தில் இரண்டு வாகனங்கள் விலத்திப் போகின்றன. அதில் ஒன்று செபக்கூட்டம் முடித்து வரும் வான். நிற்கிறது ஒரு லொறி. இறங்கி வந்தவருக்குத் தமிழ் தெரியாது. அதற்கு மேல் அவள் ஒன்றும் விளக்கவில்லை. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. சமாரியர் என்ற சொல் அன்றைய யூதருக்கு எங்கே குத்தியதோ, வன்னியில் அது எங்கே குத்தும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பிறகு அதைப் போனில் படம் பிடிக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

எங்கள் முன்னோருக்கு இது புதிதில்லை. மன்னார்ப் பக்கத்து அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்கள், புனிதர்களின் கதைகளை நாட்டுக்கூத்தாகவும் வாசாப்பு என்ற நாடகமாகவும் விடிய விடிய ஆட வைத்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் சனத்தோடு இருந்து கேட்டார், ஏனென்றால் மெட்டு ஊர் மெட்டு. ஒரு மேடையேற்றத்துக்கு அவர்கள் மாதக்கணக்கில் இளைஞர்களைப் பழக்கினார்கள். நாங்கள் காணொளிக்கு ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்குவதில்லை.

2025 செப்டெம்பர் 7இல் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸின் படம் இப்போது பல பிள்ளைகளின் போனில் இருக்கிறது. 2006 ஒக்டோபரில் 15 வயதில் லுகேமியாவால் இறந்த பையன். கணினி தெரிந்த பிள்ளை என்று மட்டும் அவரைச் சொல்லிவிட்டுப் போகிறோம். நற்கருணைப் புதுமைகளை (திருப்பலி அப்பத்தோடு தொடர்பான அற்புதங்களை) நாடு நாடாகத் தேடித் திரட்டி, ஒழுங்குபடுத்தித்தான் அவர் இணையத்தில் வைத்தார். அந்தத் தேடலைத்தான் என் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அழும் காட்சியை எடுத்து, ‘அழாதே’ என்ற வேத வசனத்தை மேலே போட்டு, இசையும் சேர்த்திருந்தான் என் மாணவன் ஒருவன். நல்ல மனத்தோடுதான் செய்தான். அந்த அம்மாவிடம் கேட்டாயா என்றேன். இல்லை என்றான். அழித்துவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். ஒரு மணித்தியாலம் அவர் பேசினார். அவன் போனை வெளியே எடுக்கவில்லை. அவர் சைவர். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்கு வருபவர். இப்படிப்பட்டவரின் கண்ணீரைக் கேளாமல் எடுத்தோ கடவுளைக் கேலி செய்தோ யாரையும் இயேசுவிடம் அழைக்க முடியாது என்பதை அன்றுதான் அவன் விளங்கிக்கொண்டான்.

யாழ்ப்பாண, மன்னார் மறைமாவட்டங்களில் மறைக்கல்விக்குப் பொறுப்பானவர்கள் வருடத்தில் ஒரு மாதத்தையாவது இதற்கென ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு தகவலை எப்படிச் சரிபார்ப்பது, முதல் வரியை எப்படி எழுதுவது, படம் எடுக்குமுன் எப்படி அனுமதி கேட்பது என்பதெல்லாம் உங்கள் செய்தியாளர்களுக்குத் தெரியும். ஒருவரை ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்புக்கு அனுப்புவீர்களா? பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.