சீனியருக்கும் அண்ணன் ஒருவர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதங்கள் வந்தன. பதில் போடவில்லை என்று திட்டாதே, கோர்ட் விடுமுறை விட்ட பிறகுதான் மூச்சு விடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அத்தையின் முட்டிவலி அப்படியே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் விழுந்து புரண்டு நடித்துக் காட்டுவாரே நம் சீனியர், அவருக்கே அண்ணன் ஒருவர் அமெரிக்காவில் இருந்திருக்கிறார். பெயர் கிளெமென்ட் வலாண்டிகம். ஒஹாயோ மாநிலத்துக்காரர், வக்கீல், காங்கிரஸில், அதாவது அந்த ஊர் நாடாளுமன்றத்தில், உறுப்பினராக இருந்தவர். 1871 ஜூனில் ஒரு கொலை வழக்கு. மதுக்கடைச் சண்டையில் செத்தவனை என் கட்சிக்காரன் சுடவில்லை, மண்டியிட்டிருந்தவன் எழும்போது துப்பாக்கியை உருவித் தன்னையே சுட்டுக்கொண்டான் என்பது இவர் வாதம். ஒஹாயோவிலேயே லெபனான் என்ற ஊரில், விடுதி அறையில், சக வக்கீல்களுக்கு அதைச் செய்து காட்டினார். பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகள். எடுத்தது குண்டு போட்டதை. மறுநாள் ஆள் காலி. கட்சிக்காரன் கடைசியில் விடுதலை! சீனியர் கேட்டால், “ஃபீஸ் வாங்கிட்டாரா?” என்பார்.

சிரித்துவிட்டாயா? நானும்தான். ஆனால் 1863இல் அவருக்கு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரம்; அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு மோதிக்கொண்டிருந்தது. மனிதர் போரையும் எதிர்த்தார், அடிமைகளை விடுவிப்பதையும் எதிர்த்தார். எனக்குத் துளியும் பிடிக்காத ஆள். மே 1ஆம் தேதி மவுண்ட் வெர்னனில் போரைத் தாக்கிப் பேசினார். எதிரிக்கு அனுதாபம் காட்டக் கூடாது என்ற வடக்குத் தளபதி பர்ன்சைடின் 38ஆம் எண் உத்தரவை மீறினாராம். 5ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் டேட்டன் வீட்டுக் கதவை உடைத்துப் பிடித்துப் போனார்கள். ஒஹாயோவில் சாதாரண நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன. விசாரித்ததோ ராணுவக் கமிஷன், அதாவது ராணுவ அதிகாரிகளே உட்கார்ந்த விசாரணை மன்றம். சிறைத் தண்டனையை அதிபர் லிங்கன் மாற்றி, ஆளைத் தெற்கத்தியரிடமே தள்ளிவிட்டார். இவரா அடங்குவார்? பெர்முடா வழியாகக் கனடா போய், அங்கிருந்தபடியே ஒஹாயோ கவர்னர் தேர்தலில் நின்று, ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டில் தோற்றார். உச்ச நீதிமன்றமும் ராணுவக் கமிஷன் விசாரணையில் தலையிட அதிகாரமில்லை என்று 1864இல் கைகழுவிவிட்டது.

ஓடிப்போகிற அப்பாவிச் சிப்பாயைச் சுட வேண்டும், அவனை ஓடத் தூண்டியவனை மட்டும் தொடக் கூடாதா என்று லிங்கன் கேட்டார். படித்ததும் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: எந்தப் பேச்சு தூண்டியது என்று முடிவு கட்டுவது யார், தளபதியா? அவன் கருத்து கேவலமானது என்பதால் கதவை உடைத்தது சரியாகிவிடுமா?

நீ லிங்கன் பக்கம்தான் நிற்பாய், தெரியும். சட்டத்தோடு வந்து சண்டை போடு, கல்லூரியில் மாதிரி மேசையைத் தட்டாதே. கணபதி வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே?

அன்புடன்,
மணி